சொல்லிச் செல்லும் தனிவழி

நம் விடுதி மாணவர் சிலர் ஒரு மாலைப் பொழுதில் திரைப்படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தனர். '127 ஹவர்ஸ்' என்பது அதன் பெயர். டேனி பாயில் இயக்கி 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலப் படம் அது. இசையமைத்தவர் நம் ஏ.ஆர். ரகுமான். பின்னணி இசைக்கும் பாடலுக்குமாக ஆஸ்கர் விருதுக்கு அவர் பெயர் இரண்டு பிரிவுகளில் முன்மொழியப்பட்டது. இசைக்காகவே மாணவர்கள் அமர்ந்திருந்தனர். ஆனால் படம் முடிந்து எழுந்தபோது இசையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கதைத்தலைவன் தன் கையைத் தானே அறுத்துக்கொண்ட காட்சியைப் பற்றியே பேசினர்.

அது கற்பனைக் கதை அன்று. ஆரன் ரால்ஸ்டன் என்னும் இளைஞர் 2003ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவை அடுத்துள்ள புளூஜான் என்னும் குறுகிய மலையிடுக்கில் தனியே இறங்கினார். ஏறத்தாழ 360 கிலோ எடையுள்ள பாறை ஒன்று பெயர்ந்து அவருடைய வலக்கையை மலைச்சுவரோடு சேர்த்து நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாட்களுக்கு மேல் அவர் அங்கேயே சிக்கிக் கிடந்தார். கொண்டுசென்ற நீர் தீர்ந்தது. இறுதியில், மழுங்கிய சிறு கத்தி ஒன்றால் கையைத் துண்டித்துக்கொண்டு, செங்குத்தான பாறையில் கயிற்றின் வழியே இறங்கி நடந்தார். வழியில் எதிர்ப்பட்ட நெதர்லாந்துக் குடும்பத்தார் ஒருவர் அவருக்கு நீர் கொடுத்து உதவினர்.

மாணவர்கள் அவருடைய மனத்திட்பத்தை வியந்தனர். வியக்கத்தக்கதே. ஆயினும் நம் நெஞ்சில் தைத்தது வேறொன்று. எங்கே போகிறேன் என்று அவர் எவரிடமும் சொல்லிச் செல்லவில்லை. வேலைக்கு அவர் வராததைக் கண்டு பிறர் ஐயுற்ற பின்னரே தேடல் தொடங்கிற்று. அவருடைய தாயார் ஓயாது வற்புறுத்தியதன் பயனாகவே ஹெலிகாப்டர் அவ்வட்டாரத்தில் பறந்துகொண்டிருந்தது. ஒரு சொல் சொல்லிச் சென்றிருந்தால் அக்கை பிழைத்திருக்கும் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் அந்த ஐந்து நாட்களும் அவ்வாறு கழிந்திரா.

எங்கோ ஒரு யூட்டாவில் நடந்ததைத் துறை மலரில் ஏன் எழுதவேண்டும் என்று வாசகர் கேட்கலாம். காரணம் உண்டு. பகுதி 1 தமிழை நம்மிடம் பயின்ற கணிதத்துறை மாணவர் ஒருவர் இப்போது அமெரிக்காவில் பணியாற்றுகிறார். விடுப்பில் ஊர் வந்தவர் நம்மைக் காண வந்தார். பேச்சின் நடுவே, கடந்த சில ஆண்டுகளாகத் தாம் தனியே காரோட்டிச் சென்று அந்நாட்டுப் பாலைநிலத் தேசியப் பூங்காக்களில் நடைப்பயணம் செய்துவருவதாகக் கூறினார். "வீட்டில் தெரியுமா?" என்று கேட்டோம். தலை குனிந்தார். "தெரியாது ஐயா. சொன்னால் விடமாட்டார்கள்" என்றார்.

இக்கட்டுரை அந்த விடையைப் பற்றியது.

இப்பயணம் எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிடுவது நலம். பெரும்பாலோர் லாஸ் வேகாஸ் நகரில் விமானம் விட்டிறங்கி, வாடகைக்குக் கார் எடுத்துக்கொள்கின்றனர். அங்கிருந்து மேற்கே இரண்டு மணி நேர ஓட்டத்தில் டெத் வேலி. வடகிழக்கே சென்றால் சையன். அதற்கும் அப்பால் ஆர்ச்சஸ், கேன்யன்லாண்ட்ஸ். தென்கிழக்கே கிராண்ட் கேன்யன். தெற்கே ஜோஷுவா ட்ரீ. பகலில் சாலை, காலையும் மாலையும் நடை, இரவில் கூடாரம் அல்லது காரின் பின்னிருக்கை. ஒரு பூங்காவுக்கும் அடுத்ததற்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருக்கலாம். நடுவில் ஊர் இராது, பெட்ரோல் நிலையம் இராது, கைப்பேசிக்கு அலையும் எட்டாது.

இதில் என்ன இன்பம் என்று அம்மாணவரையே கேட்டோம். அவர் சொன்னவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே தருகிறோம். டெத் வேலியில் ரேஸ்டிராக் என்னும் வறண்ட ஏரிப்படுகை உள்ளது. அதன் தளம் களிமண் வெடித்துப் பாய்முடைந்தாற்போல் இருக்கும். அதன்மேல் ஆங்காங்கே கற்கள் கிடக்கின்றன. ஒவ்வொரு கல்லின் பின்னும், யாரோ இழுத்துச் சென்றாற்போல் நெடிய தடம் ஒன்று நீள்கிறது. இழுத்தவர் எவரும் இலர். பல பத்தாண்டுகள் அறிஞர்களைத் திகைக்கவைத்த இப்புதிர் 2014ஆம் ஆண்டில் விடுவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் அரிதாகப் பெய்யும் மழைநீர் அங்கே ஆழமின்றித் தேங்கி இரவில் உறைகிறது. காலை வெயிலில் மெல்லிய பனித்தகடுகளாக அது உடைகிறது. இளங்காற்று அத்தகடுகளைத் தள்ள, அவை கற்களைத் தள்ளுகின்றன. "அங்கே நின்றபோது என் காதில் என் மூச்சைத் தவிர வேறு ஒலி இல்லை ஐயா. அவ்வளவு அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை" என்றார். ஓசையற்ற ஒன்றைக் 'கேட்டதில்லை' என்று அவர் சொன்னது நமக்குப் பிடித்திருந்தது.

ஆகவே இளைஞர் இவ்வாறு செல்வதை நாம் பழிக்கவில்லை. பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று திருமறை பலவிடங்களில் மனிதனை அழைக்கிறது. ஹிரா மலைக் குகையின் தனிமையை அறியாத முஸ்லிம் இல்லை. நான்கு சுவர்களுக்குள் கணிப்பொறியின் முன் ஆண்டு முழுவதும் அமர்ந்திருக்கும் ஒருவர், பத்து நாள் திறந்த வானத்தின் கீழ் நடப்பது அவர் உடலுக்கும் உள்ளத்துக்கும் நன்று. கையில் உள்ள நீரை மிச்சப்படுத்தித் தயம்மும் செய்து, மனித அரவமற்ற மணல்வெளியில் பஜ்ரு தொழுததைப் பற்றி அவர் சொன்னபோது, நமக்கே சற்றுப் பொறாமை தோன்றிற்று.

ஆனால் ஊர்ப் பெரியவர்களின் மறுப்பையும் நாம் எளிதில் தள்ளுவதற்கில்லை. தனியே இரவில் பயணம் செய்வதன் தீங்கை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி தொகுப்பில் பதிவாகியுள்ளது. அதன் விரிவான மார்க்கப் பொருளை ஆலிம் பெருமக்களிடம் விட்டுவிடுகிறோம். தீர்ப்புச் சொல்வது நம் வேலை அன்று. ஆயினும் அவ்வெச்சரிக்கை பாலையை நன்கறிந்த சமுதாயத்தின் நடுவே எழுந்தது என்பதையேனும் இளைஞர் எண்ணிப் பார்க்கவேண்டும். சவூதியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டித் திரும்பிய நம் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "மணலைக் காசு கொடுத்துப் போய்ப் பார்ப்பார்களா பேராசிரியரே? நாங்கள் காசுக்காக அல்லவா பார்த்தோம்?" என்று சிரித்தார். சிரிப்பின் பின்னே சற்றே கசப்பும் இருந்தது. வளைகுடாப் பாலையில் இளமையைச் செலவிட்ட தலைமுறைக்கு, பாலை பொழுதுபோக்கும் இடமாக எவ்வாறு தோன்றும்?

அந்தப் பாலைகளில் இடர் எப்படி வருகிறது என்பதை இரு சாராரும் அறிதல் நன்று. 'ஆபத்து, ஆபத்து' என்று பொதுவாகச் சொல்வதால் எவருக்கும் பயன் இல்லை.

டெத் வேலியின் பேட்வாட்டர் படுகை கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. 1913ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் அப்பள்ளத்தாக்கில் 56.7 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. ஆண்டுக்கு மழை ஏறத்தாழ 50 மில்லிமீட்டர். நம் ஊரில் ஒரு மழை இரவில் பெய்வது. அங்கே வியர்வை தோலில் நிற்பதில்லை, வெளிவந்த கணமே ஆவியாகிவிடுகிறது. ஆகவே வியர்க்கிறது என்பதே நடப்பவருக்குத் தெரியாது. தாகம் தோன்றும்முன் உடல் நீரை இழந்துவிடுகிறது. நீரை மட்டும் நிறையக் குடித்து உப்பை மறந்தாலும் தலைசுற்றி வீழ்வர்.

2024ஆம் ஆண்டு ஜூலையில் அங்குள்ள மணல்மேடுகளில் பெல்ஜியத்திலிருந்து வந்த பயணி ஒருவரின் செருப்பு கழன்றோ தொலைந்தோ போயிற்று. சிறிது நேரத்தில் அவர் பாதங்கள் தீயில் வெந்தாற்போல் வெந்துவிட்டன. குடும்பத்தாரும் அங்கிருந்த பிறரும் அவரை வண்டி நிறுத்துமிடத்துக்குத் தூக்கிவந்தனர். மருத்துவ ஹெலிகாப்டரால் அங்கே இறங்க முடியவில்லை. காற்று சூடாக ஆக அதன் அடர்த்தி குறைகிறது. அடர்த்தி குறைந்த காற்றில் சுழலும் இறக்கைக்குத் தாங்கும் வலு கிட்டுவதில்லை. எனவே அவரை வேறு வண்டியில் ஏற்றி, வெப்பம் சற்றுக் குறைந்த உயரமான இடத்துக்குக் கொண்டுசென்றே ஹெலிகாப்டரில் ஏற்றினர். உதவிக்கு வரும் ஊர்தியையும் தடுத்து நிறுத்தும் வெயில் அது. தூக்கிவர ஆள் இல்லாதிருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும் என்று தனிப் பயணி ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

கிராண்ட் கேன்யனின் சூழ்ச்சி வேறு. மலையேறுவோர் புத்துணர்வோடு ஏறி, களைத்தபின் இறங்குவர். அங்கே முறை தலைகீழ். காலைக் குளிரில் இறக்கம் எளிதாக இருக்கிறது. ஆற்றை அடைய 1,300 மீட்டருக்கும் மேல் இறங்கவேண்டும். இறங்க இறங்க வெப்பம் ஏறுகிறது. களைப்பும் நண்பகலும் கூடிவரும் வேளையில் அத்தனை உயரத்தையும் ஏறித் தீரவேண்டும். ஒரே நாளில் ஆற்றுக்குச் சென்று திரும்ப முயலவேண்டா என்று பூங்காக் காவலர்கள் பலகை வைத்து எச்சரிக்கின்றனர். கோடையில் காலை பத்து முதல் மாலை நான்கு வரை நடக்கவேண்டா என்கின்றனர். ஆண்டுதோறும் பலரை அவர்கள் மீட்க நேர்கிறது.

நீர் இல்லாமை மட்டுமே பாலையின் இடர் என்று எண்ணிவிடவும் கூடாது. சையன் பூங்காவின் கீஹோல் என்னும் மலையிடுக்கில் 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் திடீர் வெள்ளத்தில் எழுவர் மாண்டனர். பாறை நிலம் மழையை உறிஞ்சாது. பெய்ததெல்லாம் ஒரே ஓட்டமாக இடுக்குகளுக்குள் பாயும். டெத் வேலியிலேயே 2023 ஆகஸ்டில் ஒரே நாளில் ஓராண்டு மழையை விஞ்சிப் பெய்து சாலைகளை அரித்துச் சென்றது. பூங்கா ஏறக்குறைய இரண்டு மாதம் மூடப்பட்டது. வறண்ட பேட்வாட்டர் படுகையில் ஏரி தோன்றி, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மக்கள் அதில் படகு விட்டனர்.

இனி நம் மாணவரின் கதைக்கு வருவோம். ரேஸ்டிராக்கிற்குச் செல்லும் வழி 43 கிலோமீட்டர் சரளைக்கல் பாதை. கூரிய கற்கள் டயரைக் கிழிப்பதற்குப் பேர்போனது. நகரச் சாலைக்கென உள்ள வாடகைக் காரில் அங்கே போகவேண்டா என்றே எல்லாரும் சொல்லுவர். அவர் போனார். டிசம்பர் மாதம் ஆதலால் வெயிலைப் பற்றிய அச்சம் இல்லை. திரும்பும்போது ஒரு டயர் கிழிந்தது. ஸ்டெப்னியை மாட்டினார். மேலும் சில கிலோமீட்டர் கடந்ததும் இன்னொன்று கிழிந்தது. மாலை மயங்கிற்று. கைப்பேசி பயன்படவில்லை. கையில் எட்டு லிட்டர் நீரும் பேரீச்சம்பழமும் இருந்தன. அவ்வளவுக்கு அவர் முன்னறிவு உடையவரே. இரவு கடுங்குளிர். காருக்குள் சுருண்டு கிடந்தார்.

"பசியோ குளிரோ பெரிதாகத் தெரியவில்லை ஐயா. நான் இங்கே இருக்கிறேன் என்பது உலகில் ஓர் உயிருக்கும் தெரியாதே என்ற எண்ணந்தான் இரவெல்லாம் உறங்கவிடவில்லை. அறையில் உறங்குவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். நான் வராவிட்டாலும் எங்கே தேடுவார்கள்?" என்றார். மறுநாள் முற்பகலில் அவ்வழியே வந்த முதிய தம்பதியர் தம் வண்டியில் ஏற்றிச் சென்றனர். அவ்வளவுதான் கதை. கேட்பதற்குச் சிறிய செய்தியாகவே தோன்றும். அதே பூங்காவில் 1996ஆம் ஆண்டு ஜூலையில், பெரியவர் இருவரும் சிறுவர் இருவருமாக ஜெர்மனியிலிருந்து வந்த நால்வர் வாடகை வண்டியில் சென்று காணாமற் போயினர். டயர்கள் கிழிந்த நிலையில் அவ்வண்டி மூன்று மாதங்களுக்குப் பின் அக்டோபரில் கண்டெடுக்கப்பட்டது. பெரியவர்களின் எலும்புகள் கிடைத்தது 2009ஆம் ஆண்டில். அவர்கள் நால்வர், நம் மாணவர் ஒருவர். அவர்கள் சென்றது ஜூலை. இவர் சென்றது டிசம்பர். இறைவன் காத்தான். அவனே வைத்த அறிவைப் பயன்படுத்துவது நம் கடன் அல்லவா?

சொல்லிச் சென்றால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. போதாது. ஜோஷுவா ட்ரீ பூங்காவில் 2010ஆம் ஆண்டு ஜூனில் ஒருவர் தனியே நடக்கச் சென்றார். வீட்டில் சொல்லிவிட்டே சென்றார். ஆனால் அவர் சொல்லியிருந்த இடங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. முதலில் தேடிய இடம் ஒன்று, அவருடைய கார் நின்ற இடம் வேறொன்று. நெடுநாள் தேடியும் கிட்டாத அவர் உடலின் எச்சம் 2022ஆம் ஆண்டிலேயே அகப்பட்டது. ஆகவே சொல்லுவது தெளிவாக இருக்கவேண்டும். எந்தப் பாதை, எந்நேரம் புறப்பாடு, எந்நேரம் வரை காத்திருந்து யாரை அழைப்பது என்பனவெல்லாம் சொல்லப்படவேண்டும். சொன்ன வழியை விட்டு விலகாதிருப்பதும் சொன்னதன் பகுதியே.

இன்னொருவர் எவரெட் ரூஸ். ஓவியமும் எழுத்தும் வல்ல இளைஞர். இரண்டு கழுதைகளோடு யூட்டாவின் செம்பாறை வெளிகளில் தனியே அலைந்தவர். 1934ஆம் ஆண்டு நவம்பரில், இருபதாம் வயதில் மறைந்தார். கடிதம் எழுதாதவர் அல்லர். வீட்டாருக்கு இடைவிடாது எழுதியவர். ஆனால் இறுதிக் கடிதத்தில், ஓரிரு மாதம் அஞ்சல் எதிர்பார்க்கவேண்டா என்று குறிப்பிட்டிருந்தார். அந்த ஓரிரு மாதமே அவரை விழுங்கிற்று. வீட்டார் கலங்கித் தேடச் செய்தபோது 1935 பிறந்துவிட்டது. கழுதைகள் கிடைத்தன. பாறையில் 'நீமோ 1934' என்று பொறித்திருந்த எழுத்துகள் கிடைத்தன. 'நீமோ' என்றால் இலத்தீனில் 'யாருமல்லன்' என்று பொருள். அவர் கிடைக்கவில்லை. இவரைப் பலர் பாலையின் துறவியாகக் கொண்டாடுகின்றனர். நமக்கு அதில் உடன்பாடு இல்லை. மகனைத் தேடிக் கடிதம் எழுதிய பெற்றோரையே நாம் நினைக்கிறோம்.

பாலையைத் தாயகமாகக் கொண்டோர் இதனை எவ்வாறு செய்தனர்? இப்னு பதூதா 1325ஆம் ஆண்டில் தம் இருபத்தொன்றாம் வயதில் தாஞ்சியர் நகரிலிருந்து தன்னந்தனியராகவே புறப்பட்டார். பின்னாளில் மதுரை வரை வந்து சென்றவர் அவர் என்பதை நம் மாணவர் அறிவர். அவரே 1352ஆம் ஆண்டில் சகாராவைக் கடந்தபோது வணிகக் கூட்டத்தோடுதான் சென்றார். அப்பயணத்தில் ஒருவர் உறவினரோடு பூசலிட்டுப் பின்தங்கி மணலில் தொலைந்துபோனதையும், அதன்பின் தாம் முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை என்பதையும் அவர் பதிவுசெய்துள்ளார். அவர் கூறும் இன்னொரு செய்தி நம் கருத்துக்கு உயிர்நாடி போன்றது. வணிகக் கூட்டம் கூலி கொடுத்து ஒருவரைத் தனக்கு முன்னே தனியே அனுப்பும். அவருக்குத் 'தக்ஷீப்' என்று பெயர். வலாத்தா நகருக்குக் கடிதங்களைக் கொண்டுசெல்வது அவர் வேலை. அவர் சென்று சொன்னால் ஊரார் பல நாள் தொலைவு எதிர்வந்து நீர் தருவர். அவர் வழியில் மாண்டால் கூட்டம் வருவது ஊராருக்குத் தெரியாது. கூட்டத்தாரில் பலர் மாள்வர். சகாராவில் முற்றிலும் தனியே சென்ற மனிதர் அவர். அவர் சென்றதோ செய்தி சொல்வதற்காகவே.

நம் நபிகளாரின் ஹிஜ்ரத்தை எண்ணிப் பாருங்கள். உயிருக்கே ஊறு நேரவிருந்த வேளை அது; மறைவாகப் புறப்பட வேண்டிய கட்டாயம். அப்போதும் பாதை அறிந்த அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவர் கூலிக்கு அமர்த்தப்பட்டார். அவர் அன்று முஸ்லிமாகவும் இல்லை. வழியறிந்தவரின் சொல்லைக் கேட்பதில் மதம், இனம், நாடு என்னும் எண்ணம் குறுக்கிடலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? டெத் வேலியில் காவலர் சொல்வதும், அப்பள்ளத்தாக்கின் பழங்குடியினரான திம்பிஷா ஷோஷோனி மக்களின் வழக்கமும் அவ்வாறே கேட்கத்தக்கவை. அம்மக்கள் கோடையில் பள்ளத்தாக்கை விட்டு மலைமேல் ஏறிவிடுவர். 'சாவுப் பள்ளத்தாக்கு' என்ற பெயர் அவர்கள் வைத்ததன்று. 1849 குளிர்காலத்தில் தங்கம் தேடி வழிதவறி வந்தவர்கள் வைத்துச் சென்றது.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. ஜோஷுவா ட்ரீயிலிருந்து கிழக்கே அரிசோனாவை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் குவார்ட்சைட் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர் இடுகாட்டில் கூம்பு வடிவில் கற்களாலான நினைவுச்சின்னம் ஒன்று நிற்கிறது. அதன் உச்சியில் ஓர் ஒட்டகம். கீழே அடங்கியிருப்பவர் ஹாஜி அலி. உதுமானியப் பேரரசின் பகுதியிலிருந்து, அமெரிக்கப் படை வாங்கிய ஒட்டகங்களோடு 1856ஆம் ஆண்டில் டெக்சாஸ் கரையில் இறங்கியவர். அப்பெயரை ஒலிக்க இயலாத அந்நாட்டார் 'ஹை ஜாலி' என்றனர். கல்லிலும் அப்பெயரே உள்ளது. 1857ஆம் ஆண்டில் அரிசோனாவின் குறுக்கே வண்டிப்பாதை அளந்த குழுவுக்கு அவ்வொட்டகங்களே சுமை தூக்கின. இன்று இளைஞர் காரில் விரையும் வடபகுதி நெடுஞ்சாலை பெரும்பாலும் அப்பாதையை ஒட்டியே செல்கிறது. 1902ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். நம் மாணவர் இருமுறை அவ்வூரைக் கடந்தும் இதனை அறிந்திருக்கவில்லை. அடுத்தமுறை நின்று ஒரு பாத்திஹா ஓதிவருமாறு சொல்லியுள்ளோம்.

தமிழ்த்துறை மலர் ஆதலால் நம் பாலைத்திணைக்கும் சற்று இடம் தருவோம். முல்லையும் குறிஞ்சியும் மழையற்றுத் திரிந்த நிலையே பாலை என்று சிலம்பு கூறும். அமெரிக்கப் பாலைகள் அவ்வாறு திரிந்தவை அல்ல. அவை இயல்பாகவே பாலைகள். ஆகவே இரண்டையும் ஒன்றெனச் சொல்லி மகிழ நாம் விரும்பவில்லை. நாம் எடுத்துக்கொள்வது அகப்பாடலின் ஒழுக்கம் ஒன்றை. பொருள் தேடச் சுரத்தைக் கடக்கும் தலைவன், புறப்படுமுன் தயங்கி நிற்பான். இதற்குச் 'செலவழுங்கல்' என்று பெயர். அது போகாமல் இருந்துவிடுதல் அன்று, வீட்டில் இருப்பவளை ஆற்றுவித்துப் போவதற்கான தாழ்ப்பே என்று தொல்காப்பியம் தெளிவுபடுத்துகிறது. எந்தப் பருவத்தில் திரும்புவேன் என்று குறித்துச் செல்வதும் மரபு. கார்காலம் வந்தும் தேர் வராவிட்டால் தோழியும் தலைவியும் நாளெண்ணிக் கலங்குவதே எத்தனை பாடல்களுக்குப் பொருள்! நாள் குறித்ததனாலன்றோ நாளெண்ண முடிந்தது?

இப்போது பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறோம். அம்மாணவர் பொய் சொன்னார், அது பிழை. ஆனால் அப்பொய்யில் பாதியை நாமே ஆக்கிக் கொடுத்தோம் என்பது நம் கருத்து. வேண்டா என்ற சொல்லைத் தவிர வேறு விடை கிடைக்காத வீட்டில், பிள்ளை கேட்பதையே நிறுத்திவிடுகிறான். பதினாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் முப்பது வயது மகனை நம் 'வேண்டா' தடுத்து நிறுத்தப் போவதில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று நமக்குத் தெரியாமற் செய்வது மட்டுமே அதனால் விளையும். ஜூலையில் போகாதே, ஜனவரியில் போ. தனியே போவதானால் காவலரிடம் கேட்டு, ஆள் நடமாட்டமுள்ள பாதையில் போ. ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் நீர் எடு. செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி விற்கிறது, அதை வாங்கு. அதற்குப் பணம் செலவழிப்பது வீண் அன்று என்றெல்லாம் சொல்ல நமக்குத் தெரிந்திருந்தால், அவன் நம்மிடம் சொல்லிவிட்டே போவான். முன்னே குறித்த லாரி ஓட்டிய பெரியவரிடம் இதைப் பேசியபோது அவர் சிரிப்பை நிறுத்தினார். "நாங்களும் சொல்லாமல் புறப்பட்டதில்லை பேராசிரியரே. அடுத்த ஊர் முகாமுக்குச் சொல்லிவிட்டே வண்டியை எடுப்போம். வராவிட்டால் தேடி வருவார்கள். இரண்டு முறை என்னைத் தேடி வந்திருக்கிறார்கள்" என்றார். இதை அவர் தம் மக்களிடம்கூட அதுவரை சொன்னதில்லையாம்.

இளைஞரிடம் சொல்லவேண்டியதோ சிறிது. தாய் அழுவாள் என்று அஞ்சிச் சொல்லாமற் போகிறீர்கள். அழட்டும். அழுதபின் வரைபடத்தைக் காட்டுங்கள்.

விடுப்பு முடிந்து புறப்படுமுன் அம்மாணவர் தம் தாயாரிடம் பேசினார். இரண்டு நாள் வீட்டில் புயல்தான் என்று கேள்விப்பட்டோம். மூன்றாம் நாள் தாயார் கேட்டது, அங்கே தொழுவதற்குத் தண்ணீர் கிடைக்குமா என்பதை. அவர் அடுத்துப் போகவிருப்பது டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையிலுள்ள பிக் பெண்ட் பூங்காவுக்கு, பிப்ரவரியில். எந்தப் பாதையில் எந்த நாள் நடப்பார், எங்கே தங்குவார், காரின் எண் என்ன, எந்த மணிக்குள் அழைப்பு வராவிட்டால் பூங்காவின் எந்த எண்ணை அழைப்பது என்பனவற்றை ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி மூன்று படிகள் எடுத்தார். ஒன்று தாயாரிடம், ஒன்று ஹூஸ்டனில் உள்ள நண்பரிடம். மூன்றாவது நம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.